இருமுறை தோண்டப்பட்ட மண்: ஸ்ரெப்ரெனிட்சா புதைகுழிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பிரான்யெவோ என்பது கிழக்கு போஸ்னியாவில் பிலிட்சா ஊருக்கு அருகே இருந்த ஒரு ராணுவப் பண்ணை. 1995 ஜூலை 16 அன்று அங்கே, ஸ்ரெப்ரெனிட்சாவில் பிடிபட்ட ஆண்களைப் பேருந்து பேருந்தாகக் கொண்டுவந்து இறக்கி, பத்துப் பத்துப் பேராக நிறுத்திச் சுட்டார்கள். சுட்டவர்களில் ஒருவரான ட்ராஜென் எர்தெமோவிச் மறு ஆண்டே அதை ஒப்புக்கொண்டார். அன்றைக்கு 1,000 முதல் 1,200 பேர் வரை கொல்லப்பட்டிருப்பார்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. 1996இல் அந்தப் பண்ணையில் இருந்த புதைகுழியைத் தோண்டினார்கள். கிடைத்தவை 132 பேரின் எச்சங்கள்.

மீதிப் பேர் எங்கே?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருக்க முடியும். சாட்சி மிகைப்படுத்திச் சொல்லியிருக்கலாம். அல்லது குழியில் இருந்தவர்களை யாரோ எடுத்துப்போயிருக்கலாம். முதல் பதிலைத்தான் கொன்றவர்களின் தரப்பு விரும்பியது. இரண்டாவதுதான் உண்மை. அந்த உண்மை வாக்குமூலத்தால் மட்டும் நிலைநாட்டப்படவில்லை. மண்ணின் நிறம், கண்ணாடிச் சில்லு, துணிக் கிழிசல், மகரந்தத் துகள், நின்றுபோன கைக்கடிகாரம் என்று சின்னச் சின்னப் பொருள்களைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் சேர்த்து வைத்தே நிலைநாட்டினார்கள். தடயத் தொல்லியல் என்ற துறை என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் எடுத்துச் சொல்லும் நிகழ்வு இதுதான்.

நடந்தது என்ன

போஸ்னியப் போரின்போது, 1993 ஏப்ரலில், பெரும்பாலும் போஸ்னிய முஸ்லிம்கள் வாழ்ந்த ஸ்ரெப்ரெனிட்சா ஊரைப் பாதுகாப்புப் பகுதியாக ஐ.நா. பாதுகாப்பு மன்றம் அறிவித்தது. 1995 ஜூலை 11 அன்று ரட்கோ ம்லாடிச்சின் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை அந்த ஊரைப் பிடித்தது. பொட்டோச்சாரியில் இருந்த ஐ.நா. முகாமைத் தேடி வந்த பெண்களையும் குழந்தைகளையும் பேருந்துகளில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். ஆண்களையும் வளர்ந்த பையன்களையும் தனியே பிரித்தார்கள். காட்டு வழியாகத் தப்ப முயன்றவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் சாலையோரங்களில் பிடிபட்டார்கள். அடுத்த சில நாட்களில் கிராவிட்சா கிடங்கு, ஒராஹோவாட்ஸ், பெட்கோவ்ட்சி அணை, கொஸ்லுக், பிரான்யெவோ போன்ற இடங்களில் அவர்களைக் கொன்று, அங்கேயே அல்லது பக்கத்தில் இயந்திரங்களால் குழி வெட்டிப் புதைத்தார்கள். கொல்லப்பட்டவர்கள் 7,000 முதல் 8,000 வரை.

ஆகஸ்ட் 10 அன்று, அமெரிக்கத் தூதர் மெடலின் ஆல்பிரைட் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் வான்படங்களைக் காட்டினார். புதிதாகக் கிளறப்பட்ட நிலம் அவற்றில் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த மாதமே கொன்றவர்கள் தரப்பில் வேறொரு வேலை தொடங்கியது. செப்டம்பர் 14 அன்று 5 டன் டீசல் ஒதுக்கச் சொல்லி ராணுவத் தலைமையகத்திலிருந்து உத்தரவு போனது. மண்வாரி இயந்திரங்களும் லாரிகளும் பழைய குழிகளுக்குத் திரும்பின. இரண்டு மாதமாக மண்ணுக்குள் கிடந்த உடல்களை அள்ளிக்கொண்டு போய், தொலைவில், ஆள் நடமாட்டம் குறைந்த பள்ளத்தாக்குகளில் மறுபடியும் புதைத்தார்கள். நவம்பர் தொடக்கத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. பிராதுநாட்ஸ் படைப்பிரிவின் அதிகாரியாக இருந்த மோமிர் நிக்கோலிச், 2003இல் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது இந்த மறுபுதைப்பைப் பற்றியும் விவரித்தார்.

ஆனால் அவர் பேசுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே மண் பேசிவிட்டது.

மண்ணை எப்படிப் படிப்பது

ஒருமுறை வெட்டிய மண் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எவ்வளவு கவனமாக மூடினாலும் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும். குழியின் விளிம்பில் ஒரு கோடு நிற்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கலைந்த மண், அந்தப் பக்கம் கலையாத மண். தொல்லியலாளர்கள் அந்தக் கோட்டை வெட்டு என்பார்கள், உள்ளே இருப்பதை நிரப்பு மண் என்பார்கள். ஒரு வெட்டு இன்னொரு வெட்டை ஊடறுத்துச் சென்றால் ஊடறுத்ததே பிந்தியது. ஆயிரம் ஆண்டுப் பழைய கோட்டைச் சுவருக்கும் இதே விதிதான், மூன்று ஆண்டுப் பழைய கொலைக்குழிக்கும் இதே விதிதான்.

முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் ஸ்ரெப்ரெனிட்சா விசாரணையை நடத்திய பிரெஞ்சுக் காவல் அதிகாரி ஜான் ரெனே ரூவேயிடம் தேடுவதற்கு உதவும் வான்படங்கள் இருந்தன. பிரான்யெவோவில் 1995 ஜூலை 17 அன்று எடுத்த படத்தில் உடல்களும், குழி வெட்டும் இயந்திரமும் தெரிகின்றன. செப்டம்பர் இறுதியில் எடுத்த படத்தில் அதே இடத்தில் புதிய பள்ளம் தெரிகிறது. இப்படி இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் எந்தக் குழிகளைக் கிளறியிருக்கிறார்கள், எந்தச் சாலையோரங்களில் புதிய குழிகள் முளைத்திருக்கின்றன என்று ஒரு வரைபடமே உருவானது. ஆனால் வான்படத்தில் நிலம் கிளறப்பட்டது மட்டும்தான் தெரியும். உள்ளே யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியாது. அதற்குக் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

1998 முதல் அந்த வேலையைப் பொறுப்பேற்று நடத்தியவர் ஆஸ்திரேலியத் தொல்லியலாளர் ரிச்சர்ட் ரைட். சிட்னி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவருடைய குழுவில் பல நாட்டுத் தொல்லியலாளர்களும் மானிடவியலாளர்களும் இருந்தார்கள். முதலில் கண்ணிவெடி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகு சந்தேகப்படும் இடத்தில் கம்பியை இறக்கி, வெளியே எடுத்து முகர்ந்து பார்ப்பார்கள். கேட்க எளிமையாக இருக்கும், ஆனால் அழுகும் உடலின் வாசனை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் நிற்கும் என்பதால் இதைவிட விரைவான சோதனை இல்லை. அடுத்து குறுக்கே ஒரு சோதனைப் பள்ளம். குழி அங்கேதான் என்று உறுதியானதும் மேல்மண்ணை மெல்லிய படலங்களாக வழித்தெடுத்து வெட்டின் விளிம்பு முழுவதையும் வெளிக்கொண்டுவருவார்கள்.

இங்கேதான் தொல்லியலாளருக்கும் சும்மா தோண்டுகிறவருக்கும் வித்தியாசம் தெரிகிறது. உடல்தான் சான்று என்று நினைப்பவர் உடலைக் கண்டதும் எடுத்துவிடுவார். குழியே சான்று என்று அறிந்தவர் உடலைத் தொடுவதற்கு முன் குழியின் சுவரைப் பார்ப்பார். மண்வாரியின் வாளியில் பற்கள் இருந்தால் சுவரில் இணையான கீறல்கள் விழுந்திருக்கும். பற்கள் இல்லாத வாளி வழுவழுப்பான முகத்தை விட்டுச்செல்லும். ஈரக் களிமண் அடித்தளத்தில் சக்கரத் தடம் அச்சாகப் பதிந்திருக்கும். வண்டி இறங்க வெட்டிய சாய்வுப் பாதை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் உடல்களை எந்தப் பக்கமிருந்து தள்ளினார்கள் என்று தெரியும். இவையெல்லாம் மூடிய நிமிடத்திலேயே உள்ளே உறைந்துபோன காட்சிகள். அவசரமாகத் தோண்டினால் ஒரே நாளில் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்கவே கிடைக்காது.

உடல்கள் வெளிப்பட்டதும் ஒவ்வொன்றின் தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், பாதம் என்று பல புள்ளிகளை டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் அளந்து முப்பரிமாணத்தில் பதிவார்கள். யார் மேலே, யார் கீழே, யாருடைய கை யாருக்கு அடியில் என்பதெல்லாம் பதிவாகும். முழு உடலுக்கு ஒரு வகைக் குறியீடு, உடல் பகுதிக்கு வேறு வகை. உதிரி எலும்புக்கும் தனி எண் உண்டு. கடைசியில் அடிமண்ணைச் சல்லடையில் சலிப்பார்கள். தோட்டாவும் பல்லும் விரல் எலும்பும் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.

கொள்ளையடிக்கப்பட்ட குழி

1995இல் கிளறப்பட்ட முதல் குழிகளைத் திறந்தபோது வடிவம் உடனே புரிந்தது. ஜூலையில் வெட்டிய குழியின் ஒழுங்கான விளிம்பு ஒரு பக்கம். அதை ஊடறுத்துக்கொண்டு போகும் ஒழுங்கற்ற இரண்டாவது வெட்டு மறுபக்கம். இரண்டாவது வெட்டின் நிரப்பு மண்ணில் அறுபட்ட உடல் பகுதிகள், கை கால் சிற்றெலும்புகள், துணி, தோட்டாக் கூடுகள். வாளி எட்டாத ஓரங்களில் மட்டும் சில முழு உடல்கள். பிரான்யெவோவில் கிடைத்த 132 பேர் அப்படி எஞ்சியவர்கள்.

அப்போது உடல்கள் எந்த நிலையில் இருந்தன என்பதையும் யோசிக்க வேண்டும். பெருங்குழியில் நெருக்கமாகக் கிடக்கும் உடல்களில், ஓரத்தில் இருப்பவை விரைவில் எலும்பாகிவிடும். நடுவே காற்றுப் புகாமல் நசுங்கிக் கிடப்பவற்றில் கொழுப்பு சோப்புப் போல இறுகி, ஆண்டுக்கணக்கில் உருமாறாமல் நிற்கும். இரண்டு மாதத்தில் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட எல்லாம் அங்கே இருந்தன. இரும்பு வாளி அவற்றைத் தனித்தனி மனிதர்களாக அள்ளவில்லை, மண்ணாகத்தான் அள்ளியது. ஒருவரின் தலை ஒரு லாரியில், இடுப்பு இன்னொரு லாரியில், கால் பழைய குழியிலேயே. கொல்லப்பட்டவர்களுக்குச் செய்த இரண்டாவது கொடுமை இது. இதை எழுதும்போது வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் குழிகள் சான்சாரி சாலை, ஹோஜிச்சி சாலை, லிப்லியே, செலெனி யாதர் ஆகிய இடங்களில் வரிசை வரிசையாக இருந்தன. அவற்றை வெட்டிப் பார்த்தபோது லாரி லாரியாகக் கொட்டிய குவியல்கள் தனித்தனியே தெரிந்தன. உடல்களோடு ஒட்டி வந்த மண், அந்தப் பள்ளத்தாக்கின் மண்ணே இல்லை. குழிச்சுவரின் மண்ணை ஒரு கையிலும் உடலைச் சுற்றிய மண்ணை மறு கையிலும் எடுத்தால், நிறம் வேறு, மணல் அளவு வேறு, கல் வேறு. எங்கோ இருந்த நிலத்தின் ஒரு துண்டை உடலோடு சேர்த்தே கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

மறைப்பதற்காகச் செய்த வேலை இப்படித்தான் அவர்களுக்கே எதிரானது. இரண்டு இடங்களிலும் இருந்த தடயங்களைப் பொருத்திப் பார்க்க முடிந்தது.

பொருத்திய விதம்

கொஸ்லுக், திரினா ஆற்றங்கரையில் இருந்த இடம். அங்கே பக்கத்தில் இருந்த பானம் நிரப்பும் ஆலையின் உடைந்த பச்சைக் கண்ணாடிப் புட்டிகளையும் லேபிள்களையும் கொட்டி வைத்திருந்தார்கள். ஆட்களை அந்தக் கண்ணாடிக் குவியலின் மேலேயே நிறுத்திச் சுட்டிருக்கிறார்கள். 1999இல் அங்கே சுமார் 340 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அதற்கு முந்தைய ஆண்டே, மலைப்பாங்கான சான்சாரி சாலையில் மூன்றாம் எண் குழியைத் திறந்தபோது, உடல்களோடு பச்சைக் கண்ணாடிச் சில்லுகளும் லேபிள்களும் கலந்து கிடந்தன. அந்த ஒதுக்குப்புறத்தில் அவ்வளவு கண்ணாடிக்கு எந்தக் காரணமும் இல்லை. கொஸ்லுக்கைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது.

கிராவிட்சா கிடங்கில் ஜூலை 13 அன்று நூற்றுக்கணக்கானவர்களை உள்ளே அடைத்துச் சுட்டும் கையெறி குண்டு வீசியும் கொன்றார்கள். அந்தக் கிடங்கின் இடிந்த சுவர்த்துண்டுகளும் கதவுச் சட்டத் துண்டுகளும் உடல்களோடு சேர்ந்து குளோகோவா குழிக்குப் போயின. அங்கிருந்து செலெனி யாதரின் ஐந்தாம் குழிக்கும் போயின. ஒராஹோவாட்ஸ் அருகே கைதிகளை அடைத்து வைத்த பள்ளிக்கூடத்தில் கண்கட்டுக்குப் பயன்படுத்திய துணி, ஒராஹோவாட்ஸில் லாசெட்டே என்று அழைக்கப்பட்ட குழிகளிலும் ஹோஜிச்சி சாலைக் குழிகளிலும் அதே நெசவில் கிடைத்தது. தோட்டாக் கூடுகளையும் ஒப்பிட்டார்கள். துப்பாக்கியின் அடிமுள் ஒவ்வொரு கூட்டின் பின்புறத்திலும் தன் அடையாளத்தை விட்டுச்செல்லும். ஒரே துப்பாக்கி துப்பிய கூடுகள் இரண்டு தூர இடங்களில் இருந்தால், அந்த மண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பயணம் செய்திருக்கிறது என்றே பொருள்.

எனக்கு இதில் மிகவும் வியப்பானது மகரந்தம். பிரிட்டிஷ் நிலவியலாளர் டோனி பிரவுன் குழிகளிலிருந்து மண் மாதிரிகளை எடுத்து, கனிமங்களையும் மகரந்தத்தையும் ஆராய்ந்தார். மகரந்தத் துகளின் வெளி ஓடு அவ்வளவு எளிதில் சிதைவதில்லை. ஒவ்வொரு நிலத்திலும் அங்கே விளையும் செடிகளின் கலவை மண்ணில் படிந்திருக்கும். முதல் குழிகளில் ஒன்று கோதுமை வயலில் இருந்தது. அதிலிருந்து அள்ளிய உடல்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் குழியின் மண்ணில் கோதுமை மகரந்தம் மிகுந்திருந்தது. கோதுமை மகரந்தம் கனமானது, காற்றில் வெகுதூரம் போகாது. வயலின் மண்ணே அங்கே வந்திருந்தால் மட்டும்தான் அது நடக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து அறிக்கையாக்கியவர் தீர்ப்பாயத்தின் புலனாய்வாளர் டீன் மானிங். கடைசியில் கிடைத்த இணைப்புகள் இவை: பிரான்யெவோவிலிருந்து சான்சாரி சாலைப் பன்னிரண்டாம் குழிக்கு. கொஸ்லுக்கிலிருந்து அதே சாலையின் மூன்றாம் குழிக்கு. பெட்கோவ்ட்சி அணையிலிருந்து லிப்லியே இரண்டாம் குழிக்கு. லாசெட்டே ஒன்றாம் குழியிலிருந்து ஹோஜிச்சி சாலை மூன்று, நான்குக்கு. லாசெட்டே இரண்டிலிருந்து ஐந்துக்கு. குளோகோவாவிலிருந்து செலெனி யாதர் ஐந்துக்கு. வெவ்வேறு நாட்களில் வெட்டிய, வெவ்வேறு படைப்பிரிவுகளின் பகுதிகளில் இருந்த குழிகளை ஒரே காலத்தில் ஒரே முறையில் காலி செய்திருந்தார்கள். இது ஏதோ ஒரு தளபதி தன்னிச்சையாகச் செய்த வேலையாக இருக்க முடியாது. எரிபொருள், இயந்திரம், சாலைக் காவல், ஆட்கள் என்று மேலிருந்து ஏற்பாடு செய்யாமல் இது நடந்திருக்காது. என் கருத்தில், குழிகளின் இணைப்புகள் காட்டிய மிகப் பெரிய உண்மை இந்த ஏற்பாடுதான்.

நின்றுபோன கடிகாரங்கள்

சிலருடைய மணிக்கட்டில் செய்கோ தானியங்கிக் கடிகாரங்கள் இருந்தன. இவற்றுக்குச் சாவி கொடுக்க வேண்டாம், மின்கலமும் வேண்டாம். கை அசைய அசைய உள்ளே இருக்கும் வில் முறுகிக்கொள்ளும். கை அசைவு நின்றுவிட்டால் ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் வரை ஓடிவிட்டு நின்றுவிடும். முகப்பில் கிழமையும் தேதியும் காட்டும் சன்னல் உண்டு. அந்தச் சன்னலில் நின்ற நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்தக் கை கடைசியாக அசைந்த நாள் கிடைக்கும். அப்படிக் கணக்கிட்டவை ஜூலை நடுப்பகுதியின் படுகொலை நாட்களோடு பொருந்தின.

மறுபுதைப்பின் குலுக்கலில் கடிகாரம் மறுபடி ஓடியிருக்கலாமே, வில் முழுதாக முறுகாமலே இருந்திருக்கலாமே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதனால்தான் ஒற்றைக் கடிகாரத்தின் மேல் யாரும் வழக்கைக் கட்டவில்லை. கிழமையும் தேதியும் சேர்ந்து பொருந்துவதும், பல கடிகாரங்கள் சொல்வது அதே சில நாட்களாக இருப்பதும்தான் எடை தந்தன. ஆனாலும், அணிந்திருந்தவர் இறந்த பிறகும் ஒரு நாளுக்கு மேல் மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த அந்தக் கடிகாரங்களை நினைத்தால் மனம் கனத்துவிடுகிறது.

நீதிமன்றத்தில்

போஸ்னிய செர்பியப் படைத் தளபதி ராடிஸ்லாவ் கிர்ஸ்டிச்சின் வழக்கில் எதிர்த்தரப்பு முன்வைத்த வாதங்களில் ஒன்று, குழிகளில் இருப்பவர்கள் சண்டையில் இறந்தவர்களாக இருக்கலாம் என்பது. அந்த நேரத்தில் உண்மையிலேயே சண்டையும் நடந்தது, காட்டு வழியில் பலர் இறந்தார்கள். ஆகவே இது அற்பமான வாதம் இல்லை.

அதற்குக் குழிகளில் பதில் இருந்தது. அதுவரை தோண்டிய 21 குழிகளில் பத்து இடங்களில் 448 கண்கட்டுகளும், பதின்மூன்று இடங்களில் 423 கைக்கட்டுகளும் கிடைத்திருந்தன. கண்ணையும் கையையும் கட்டிக்கொண்டு யாரும் சண்டை போட மாட்டார்கள். கடுமையான உடற்குறையோடு வாழ்ந்த சிலரின் எலும்புகளும் குழிகளில் இருந்தன. அவர்கள் ஆயுதம் ஏந்திப் போரிட்டிருக்க வாய்ப்பே இல்லை. சிலர் சண்டையில் இறந்தவர்களாக இருக்கக்கூடும் என்பதை முழுவதும் மறுக்க முடியாது என்று நீதிபதிகள் நேர்மையாகவே எழுதினார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் பிடிபட்ட பின் கொல்லப்பட்டவர்கள் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

எண்ணிக்கையில் காட்டிய கட்டுப்பாடும் கவனிக்கத்தக்கது. உடல்கள் துண்டுதுண்டாகக் கிடக்கும்போது துண்டுகளை எண்ணினால் ஒரே ஆளைப் பலமுறை எண்ணிவிடுவோம். பெரு நாட்டு மானிடவியலாளர் ஹோசே பாப்லோ பராய்பார் முன்னின்று செய்த கணக்கில், ஒரு மனிதனுக்கு ஒன்றே இருக்கக்கூடிய எலும்புப் பகுதியை எடுத்துக்கொண்டு, அது எத்தனை முறை வருகிறது என்று மட்டும் பார்த்தார்கள். அந்த முறையில் 21 குழிகளுக்கும் கிடைத்த குறைந்தபட்ச எண்ணிக்கை 2,028. குடும்பங்களுக்கு இந்த எண் வலித்தது, தங்கள் ஆள் அதில் சேர்ந்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் குறைவாகச் சொன்னதாலேயே அந்த எண்ணை எவராலும் அசைக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 2 அன்று கிர்ஸ்டிச்சுக்கு 46 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தார்கள். 2004இல் மேல்முறையீட்டில் அது 35 ஆண்டுகளானது. ஸ்ரெப்ரெனிட்சாவில் நடந்தது இனப்படுகொலை என்ற முடிவு மாறவில்லை.

இதே வேலையை அவசரமாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈராக்கின் அல் மஹாவில் என்ற ஊரில் ஒரு துயரமான எடுத்துக்காட்டு. 2003 மே மாதம், சதாம் உசேனின் ஆட்சி கவிழ்ந்த சில வாரங்களில், காணாமல்போனவர்களின் குடும்பங்கள் அங்கே திரண்டு மண்வாரி இயந்திரத்தால் பெருங்குழியைத் தோண்டின. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளிவந்தன. எலும்புகள் கலந்து நொறுங்கியதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை யார் என்று அறியாமலே மறுபடி புதைக்க வேண்டியதாயிற்று. அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தவர்களிடம், இன்னும் பொறுங்கள், ஆட்கள் வருவார்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அப்படிச் சொல்லி, சொன்னபடி வருவதற்கு ஓர் ஏற்பாடு இருந்தால்தான் பொறுமையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பெயர் கொடுத்தல்

தீர்ப்பாயத்துக்கு வேண்டியது குற்றத்தின் சான்று. குடும்பங்களுக்கு வேண்டியது ஆள். இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை ஆரம்ப ஆண்டுகளில் துஸ்லா நகரில் காத்திருந்த தாய்மார்கள் கசப்போடு உணர்ந்தார்கள். உடைகளையும் உடைமைகளையும் படமெடுத்துத் தொகுப்பாக்கி அவர்களிடம் காட்டினார்கள். கையால் பின்னிய ஸ்வெட்டரையோ, தைத்துக் கொடுத்த ஒட்டையோ அடையாளம் கண்டவர்கள் உண்டு. ஆனால் முற்றுகையில் கிடந்த ஊரில் உடைகள் கைமாறிக் கைமாறித்தான் இருந்தன. உடையை மட்டும் நம்பி எலும்பை ஒப்படைக்க முடியாது.

1996இல் லியோன் நகரில் நடந்த ஜி-7 உச்சி மாநாட்டின்போது தொடங்கப்பட்ட காணாமல்போனோருக்கான சர்வதேச ஆணையம், இந்தப் பாதையைத் தலைகீழாக்கியது. முதலில் உயிரோடு இருப்பவர்களிடம் ரத்த மாதிரி. எல்லா எலும்புகளிலிருந்தும் மரபணு. இரண்டையும் கணினி ஒப்பிடட்டும், உடையும் பல்லும் பிறகு அதை உறுதிசெய்யட்டும். 2001 நவம்பர் 16 அன்று முதல் பொருத்தம் கிடைத்தது. அது 15 வயதுப் பையன் ஒருவனுடைய எலும்பு. அதன்பின் இன்றுவரை கிட்டத்தட்ட 7,000 பேருக்குப் பெயர் கிடைத்திருக்கிறது.

இங்கே ஒன்று நடந்தது. ஒரே ஆளின் எலும்புகள் கொஸ்லுக்கிலும் சான்சாரி சாலையிலும், அல்லது அணையடியிலும் லிப்லியேயிலும் கிடைக்கத் தொடங்கின. கண்ணாடியையும் துணியையும் மண்ணையும் மகரந்தத்தையும் வைத்துத் தொல்லியலாளர்கள் வரைந்த அதே கோடுகளை மரபணு தனியாக வந்து வரைந்தது. பின்னர் நடந்த வழக்குகளில் இந்த மரபணு இணைப்புகளும் சான்றாக வைக்கப்பட்டன. இரண்டு முறைகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஒரே விடைக்கு வருவது அரிது. அன்று சல்லடையில் சிக்கிய ஒரு பச்சைச் சில்லை, இது குப்பை என்று யாராவது வீசியிருந்தால் அந்த ஒப்பீட்டின் ஒரு பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

பொட்டோச்சாரி நினைவிடத்தில் முதல் அடக்கம் 2003 மார்ச் 31 அன்று நடந்தது. ஒரே நாளில் 600 பேர். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று, அந்த ஆண்டில் அடையாளம் கண்டவர்களை அடக்கம் செய்கிறார்கள். ஆனால் அடையாளம் தெரிந்த உடனே அடக்கம் நடப்பதில்லை. உங்கள் மகனின் தொடை எலும்பு ஒன்று மட்டும் கிடைத்திருக்கிறது, இப்போதே புதைக்கலாமா, மீதி கிடைக்கும்வரை காத்திருக்கலாமா என்று குடும்பத்திடம் கேட்க வேண்டியிருக்கிறது. சிலர் காத்திருக்கிறார்கள். வயதாகிவிட்ட சில தாய்மார்கள், தாங்கள் போவதற்குள் ஒரு கல்லாவது நடப்பட்டுவிடட்டும் என்று ஓர் எலும்போடு புதைத்துவிடுகிறார்கள். பிறகு வேறொரு குழியில் அதே மகனின் விலா எலும்போ, கை எலும்போ கிடைக்கிறது. அப்போது அந்தக் கல்லறையைத் திறந்து, கிடைத்ததை உள்ளே வைத்து, மறுபடி மூடுகிறார்கள்.